டெபிட் கார்டு ஹோல்டால் கட்டணம் விழுந்ததா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு முறை விடுதியில் மூன்று இரவு தங்கினேன். உள்ளே நுழையும்போது ரிசப்ஷனில் டெபிட் கார்டைத் தேய்த்தேன். கிளம்பும்போது வேறொரு வங்கியின் கார்டில் முழு பில்லையும் கட்டினேன். ரசீது கையில் இருக்கிறது, கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து வீட்டுக் கடன் தவணை திரும்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, கடன் கொடுத்த நிறுவனம் இன்னொரு கட்டணம் பிடித்தது. கணக்கைத் திறந்து பார்த்தால் தவணைக்குப் போதுமான பணம் அங்கேயே இருக்கிறது. முதல் நாள் விடுதி டெபிட் கார்டில் பிளாக் செய்த தொகையை (இதைத்தான் ஹோல்டு என்கிறார்கள்) யாரும் விடுவிக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அந்தக் கட்டணத்தைத் திரும்ப வாங்க 5 வாரம் ஆனது. அதில் 3 வாரம், தவறான ஆளிடம் தவறான கேள்வியைக் கேட்டதிலேயே போனது. உங்களுக்கு அந்த 3 வாரம் வீணாகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எதைத் தேட வேண்டும்

உங்கள் கணக்கில் இரண்டு இருப்புகள் உண்டு. ஒன்று மொத்த இருப்பு: இதுவரை பதிவான வரவு செலவை வைத்து வருவது. இன்னொன்று எடுக்கக்கூடிய இருப்பு: மொத்தத்தில் இருந்து ஹோல்டு தொகைகளைக் கழித்தபின் மிஞ்சுவது. கணக்கில் 20,000 இருக்கிறது, 8,000 ஹோல்டில் இருக்கிறது என்றால் மொத்த இருப்பு 20,000தான். ஆனால் 15,000 தவணை வந்து கேட்டால் வங்கியின் கண்ணுக்கு 12,000தான் தெரியும்.

கடைக்காரரின் இயந்திரம் முதலில் உங்கள் வங்கியிடம் "இந்தத் தொகைக்கு அனுமதி உண்டா?" என்று கேட்கிறது. கார்டு வலையமைப்புகள் பேசிக்கொள்ளும் ஐ.எஸ்.ஓ. 8583 என்ற தரத்தில் இந்தக் கேள்விக்கு 0100 என்று எண். வங்கி சரி என்று பதில் சொல்லி, 6 இலக்க அனுமதி எண் ஒன்றைக் கொடுத்து, அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. இதுதான் ஹோல்டு. பணம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது, ஆனால் தொட முடியாது. உண்மையான பில் பிறகு கடையிடம் இருந்து வங்கிக்குத் தனியாக வருகிறது. சில மணி நேரத்தில் வரலாம், சில நாளும் ஆகலாம். வந்ததும் ஹோல்டு போய், அந்த இடத்தில் பற்று உட்கார வேண்டும். கார்டுத் தகராறுகளில் ஏராளமானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டு போட்டதற்காகப் பொதுவாக யாரும் கட்டணம் பிடிப்பதில்லை. ஹோல்டு இருந்த நேரத்தில் வந்து அதன்மேல் மோதிய இரண்டாவது பரிவர்த்தனைதான் கட்டணத்தைக் கொண்டுவருகிறது. வங்கியில் போய் "ஹோல்டுக்கு ஏன் கட்டணம்?" என்று கேட்டால் "நாங்கள் ஹோல்டுக்குக் கட்டணம் பிடிப்பதில்லை" என்று பதில் வரும். அது உண்மையும்கூட. அந்தக் கேள்வியில்தான் நான் 3 வாரம் மாட்டிக்கொண்டு இருந்தேன். நீங்கள் தேட வேண்டியது அந்த இரண்டாவது பரிவர்த்தனையை.

அதனால் யாருக்கும் போன் செய்யும் முன் ஒரு தாளில் நேர வரிசை போடுங்கள். ஹோல்டு விழுந்த தேதி, நேரம், தொகை, கடையின் பெயர். பில் பதிவான தேதி. கட்டணம் விழுந்த தேதி, அந்தக் கட்டணத்துக்கு வங்கி வைத்திருக்கும் பெயர். இடையில் நடந்த மற்ற எல்லாப் பற்றுகளும். நிலுவையில் உள்ள ஹோல்டு, முடிந்தபின் செயலியில் இருந்தே காணாமல் போய்விடும். மாத ஸ்டேட்மெண்டிலும் அது வராது. ஆகவே இப்போதே திரையைப் படம் எடுத்து வையுங்கள். இது ஒன்றுதான் பிறகு எப்படியும் திரும்பக் கிடைக்காத ஆதாரம்.

அறிகுறி: பணம் போனதுபோலத் தெரிகிறது, கட்டணம் இன்னும் விழவில்லை

நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள். அடுத்த 10 நாளுக்குள் வரவிருக்கும் தவணை, சந்தா, காசோலை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எடுக்கக்கூடிய இருப்பு போதவில்லை என்றால் வேறு கணக்கில் இருந்து பணத்தை மாற்றிப் போடுங்கள். முடியாவிட்டால் தவணைத் தேதியைத் தள்ளிவைக்கக் கடன் நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். ஹோல்டை விடுவிக்கும் வேலை அதற்கு அப்புறம். அது நடக்கும் வேகம் உங்கள் கையில் இல்லை.

அறிகுறி: தவணையோ காசோலையோ திரும்பியது, கணக்கில் பணம் இருந்தது

எனக்கு நடந்தது இதுதான். அதிகம் பேருக்கு நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விடுதி, வாடகைக் கார், தானியங்கி எரிபொருள் பம்ப் மூன்றிலும் கடைசித் தொகை தெரியும் முன்பே ஹோல்டு போடுகிறார்கள். பம்புக்கு நீங்கள் எவ்வளவு நிரப்பப் போகிறீர்கள் என்று தெரியாது, அதனால் ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்கிறது. விடுதி, அறை வாடகைக்கு மேல் சேதத்துக்கும் கூடுதல் செலவுக்கும் சேர்த்துப் பிடிக்கிறது. தங்குவதை நீட்டித்தால் முதல் ஹோல்டின்மேல் இன்னொரு ஹோல்டு சேரும். கார் வாடகை நிறுவனங்கள் முன்பணமாகப் பிடிப்பது சில நேரம் வாடகையைவிடப் பெரியது.

இங்கே முதலில் கடைக்குப் போங்கள், வங்கிக்கு இல்லை. கேட்க வேண்டிய சொல் "ரீஃபண்ட்" இல்லை. ரீஃபண்ட் என்றால் நடந்து முடிந்த விற்பனையைத் திருப்பித் தருவது. இங்கே விற்பனையே நடக்கவில்லை, அதனால் கடையில் இருப்பவர் கணினியைப் பார்த்துவிட்டு "உங்களிடம் நாங்கள் எதுவும் வசூலிக்கவில்லையே" என்று நேர்மையாகவே சொல்வார். "இந்த அனுமதியை ரிலீஸ் செய்யுங்கள்" என்று கேளுங்கள். 6 இலக்க அனுமதி எண், தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம், இவ்வளவும் கொடுத்தால் போதும். முழு கார்டு எண்ணை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அனுமதி எண் ரசீதில் இருக்கும். இல்லாவிட்டால் உங்கள் வங்கி சொல்லும்.

கடை தன் இயந்திரத்தில் இருந்து அனுமதியை ரத்து செய்தால் வலையமைப்பு வழியாக ஒரு ரிவர்சல் செய்தி போய் ஹோல்டு விலகும். இயந்திரத்தில் முடியவில்லை என்றால், "இந்த அனுமதி எங்களுக்குத் தேவையில்லை, விடுவிக்கலாம்" என்று கடையின் தாளில் ஒரு கடிதம் எழுதி வங்கிக்கு அனுப்பச் சொல்லுங்கள். சில வங்கிகள் உங்களையும் கடைக்காரரையும் ஒரே அழைப்பில் வைத்துப் பேசி அங்கேயே விடுவித்துவிடும். கடைப் பக்கம் கணக்கு வழக்கு பார்ப்பவர் வேலை நேரத்தில்தான் இருப்பார், வார இறுதியில் முயன்று சோர்ந்துபோக வேண்டாம்.

கடை எதுவுமே செய்யாவிட்டாலும் ஹோல்டு தானாகக் காலாவதி ஆகும். எப்போது என்பது எந்த வகை அனுமதி என்பதைப் பொறுத்தது. மாஸ்டர்கார்டு விதிகளில் இறுதித் தொகைக்கான அனுமதிக்கு 7 நாள், தோராயத் தொகைக்கான முன் அனுமதிக்கு 30 நாள் ஆயுள். பல வங்கிகள் அதற்கு முன்பே தாமாக விடுவித்துவிடுவதும் உண்டு. விடுதி ஹோல்டு ஒரு வாரம் தாண்டியும் நகரவில்லை என்றால் அது 30 நாள் வகையாக இருக்கலாம், காத்திருப்பதில் பயனில்லை.

ஹோல்டு விலகியபின், அல்லது விலகாது என்று தெரிந்தபின், கட்டணத்துக்காக வங்கிக்குப் போங்கள். நான் கடைசியில் எழுதி வேலைக்கு ஆன கடிதத்தின் சாரம் இது: "இந்தத் தேதியில் தவணை வந்தபோது மொத்த இருப்பு இவ்வளவு, தவணை இவ்வளவு. எடுக்கக்கூடிய இருப்பு குறைந்ததற்கு ஒரே காரணம் இந்த எண் கொண்ட அனுமதி. அந்த அனுமதியின் கீழ் எந்த விற்பனையும் பதிவாகவில்லை. பில்லை வேறு கார்டில் கட்டிய ரசீதை இணைத்திருக்கிறேன். தவணை திரும்பியதற்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்." கோபம் இல்லை, கதை இல்லை. தவணை வந்த அந்த நிமிடத்தில் இரண்டு இருப்பும் எவ்வளவு என்று வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிவு அவர்களிடம் இருக்கும்.

ரசீது இல்லாவிட்டாலோ, ஹோல்டு நியாயமானதாக இருந்து நீங்கள்தான் கவனிக்காமல் விட்டிருந்தாலோ, கட்டணத்தைத் திருப்பித் தர வங்கிக்குக் கடமை இல்லை. அப்போதும் கேளுங்கள். முதல் முறை என்றால் நல்லெண்ணத்தில் திருப்பித் தரும் அதிகாரம் கிளை மேலாளருக்கோ வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கோ பெரும்பாலும் இருக்கும். கேட்காதவருக்கு அது கிடைக்காது.

அறிகுறி: ஒரே செலவு இரண்டு முறை

பில் வந்தால் ஹோல்டோடு அது ஜோடி சேர வேண்டும். அனுமதி எண், பரிவர்த்தனை எண், தொகை ஆகியவற்றை வைத்து வங்கியின் கணினி ஜோடி சேர்க்கிறது. உணவகத்தில் டிப்ஸ் சேர்ந்து தொகை மாறினாலோ, கடை பழைய அனுமதியை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து பில் போட்டாலோ, ஒரு ஆர்டரை இரண்டு பார்சலாகப் பிரித்து அனுப்பினாலோ ஜோடி சேராது. அப்போது ஹோல்டும் நிற்கும், பில்லும் பதிவாகும், சில நாளுக்கு உங்கள் பணம் இரட்டிப்பாக அடைபட்டு இருக்கும்.

இரண்டில் எது நிலுவை, எது பதிவானது என்று பாருங்கள். ஒன்று நிலுவை, ஒன்று பதிவு என்றால் பழைய ஹோல்டை விடுவிக்கச் சொன்னால் போதும், இந்த வேலையை வங்கியே செய்யலாம். பில் பதிவாகிவிட்டதை அவர்களால் பார்க்க முடிகிறது அல்லவா? இரண்டுமே பதிவாகிவிட்டது என்றால் அது ஹோல்டு பிரச்சினையே இல்லை, இரட்டை வசூல். அதற்கு முறைப்படி தகராறு பதிவு செய்ய வேண்டும். நிலுவையில் இருப்பதற்குத் தகராறு போட முடியாது. பதிவானபின் காலக்கெடு ஓடத் தொடங்கும். உதாரணமாக அமெரிக்காவில், மின்னணுப் பணப் பரிமாற்றங்களுக்கான ரெகுலேஷன் ஈ விதிப்படி, தவறு தெரிந்த ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்டதில் இருந்து 60 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

அறிகுறி: பணம் இருந்தபோது அனுமதி கிடைத்த பரிவர்த்தனைக்கே ஓவர்டிராஃப்ட் கட்டணம்

இதுதான் மனிதர்களை அதிகம் குழப்புவது, என் பார்வையில் அதிகம் அநியாயமானதும் இதுவே. திங்கட்கிழமை 3,000க்குக் கார்டு தேய்த்தீர்கள். கணக்கில் 5,000 இருந்தது, வங்கி சரி என்றது. வியாழக்கிழமை பில் வந்து பதிவானது. அதற்கு இடையில் வேறொரு ஆட்டோ டெபிட் 4,000 எடுத்துவிட்டது. இப்போது 3,000 பதிவாகும்போது இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, அதற்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம், அதாவது இருப்பைத் தாண்டி எடுத்ததற்கான கட்டணம். நீங்கள் தேய்த்த நிமிடத்தில் பணம் இருந்தது, வங்கியே அனுமதி தந்தது, ஆனாலும் கட்டணம்.

இது இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, ஹோல்டு 3 நாளில் காலாவதி ஆகி, கடை தாமதமாக பில் அனுப்புவது. ஹோல்டு போனதும் திரையில் பணம் "திரும்பி வந்தது" போலத் தெரியும். அதை நம்பிச் செலவு செய்தால் பில் பிறகு வந்து விழும். ஹோல்டு மறைவது ரீஃபண்ட் இல்லை. பொருளை வாங்கியிருந்தால் அந்தத் தொகை என்றாவது ஒரு நாள் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வங்கி கட்டணத்தைக் கணக்கிட மொத்த இருப்பைப் பார்ப்பது, அல்லது நாள் முடிவில் எல்லாவற்றையும் வரிசை மாற்றிப் பதிவு செய்வது. பெரிய தொகையை முதலில் பதிவு செய்தால் பின்னால் வரும் சிறியவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டணம் வாங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி: "அனுமதி தந்த நேரத்தில் எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு, பதிவான நேரத்தில் எவ்வளவு?" முதல் எண் போதுமானதாக இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அமெரிக்க வங்கிகளுக்கு அங்கேயுள்ள எஃப்.டி.ஐ.சி., ஓ.சி.சி. ஆகிய மேற்பார்வை அமைப்புகள் 2023 ஏப்ரலில் இந்த வகைக் கட்டணத்தையே குறிப்பிட்டு எச்சரித்தன: தேய்த்தபோது பணம் இருந்து, பதிவாகும்போது குறைந்தால் அதற்குக் கட்டணம் பிடிப்பது வாடிக்கையாளருக்கு நியாயமற்றதாக இருக்கலாம் என்று. மேலும் 2010 முதல் அங்கே, ஏடிஎம்முக்கும் ஒரு முறை டெபிட் கார்டு செலவுக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்க வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதம் தந்திருக்க வேண்டும். காசோலைக்கும் தொடர் ஆட்டோ டெபிட்டுக்கும் இது பொருந்தாது. சம்மதம் தந்ததாக நினைவில்லை என்றால் எப்போது, எப்படித் தந்தேன் என்று காட்டச் சொல்லுங்கள். தந்திருந்தால் திரும்பப் பெறலாம். அதன்பின் பணம் இல்லாதபோது கார்டு மறுக்கப்படும். கடையில் அது சங்கடம்தான், ஆனால் கட்டணம் விழாது.

அறிகுறி: வெளிநாட்டுச் செலவில் கணக்கு உதைக்கிறது

ஹோல்டு ஒரு நாள் மாற்று விகிதத்தில் போடப்படுகிறது, பில் இன்னொரு நாள் விகிதத்தில் பதிவாகிறது, அதனால் தொகை சற்று மாறுவது இயல்பு. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் பில் பதிவாகும்போதுதான் சேரும், இருப்பை அடி வரை தேய்த்து வைத்திருந்தால் அதுவே பூஜ்யத்துக்குக் கீழே தள்ளிவிடும். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று: சில இடங்களில் முன்பணத்தை ஹோல்டாகப் போடாமல் விற்பனையாகவே வசூலித்துவிட்டு, பிறகு ரீஃபண்ட் செய்கிறார்கள். அப்போது போகும்போது ஒரு விகிதம், வரும்போது இன்னொரு விகிதம், கட்டணமும் உண்டு. முழு முன்பணமும் திரும்பி வந்தும் உங்களுக்கு நட்டம். கார்டு தேய்க்கும் முன் "இது அனுமதியா, வசூலா?" என்று கேட்பது இங்கே பணத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: குறைந்தபட்ச இருப்புக் கட்டணம்

உங்கள் வங்கியின் கட்டண அட்டவணையில் இதை மொத்த இருப்பை வைத்துக் கணக்கிடுகிறார்களா, எடுக்கக்கூடிய இருப்பை வைத்தா என்று பாருங்கள். மொத்த இருப்பு என்று எழுதியிருந்தால் ஹோல்டால் இந்தக் கட்டணம் வரவே கூடாது. அந்த வரியைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கேளுங்கள்.

கார்டை ரத்து செய்யலாமா என்ற யோசனை

பலர் எரிச்சலில் கார்டை பிளாக் செய்துவிடுகிறார்கள். அதனால் ஹோல்டு விலகாது. ஏற்கெனவே தந்த அனுமதியின் பேரில் பில் வந்தால் அது பதிவாகவும் செய்யும். அனுமதி உங்களுடையதே இல்லை, யாரோ திருடித் தேய்த்தது என்றால் மட்டும் உடனே பிளாக் செய்யுங்கள். அது வேறு வழக்கு, வங்கிக்குத்தான் முதல் அழைப்பு. இன்னொன்று: "ஹோல்டை விடுவிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் அழைப்பைத் துண்டியுங்கள். ஹோல்டை விடுவிக்க உங்கள் ஓடிபி தேவையே இல்லை.

வங்கி இல்லை என்று சொன்னால்

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த விதியின் கீழ் இந்தக் கட்டணம் என்று கேளுங்கள், கணக்குத் திறந்தபோது தந்த கட்டண அட்டவணையில் அந்த வரி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் சேவைகள் உத்தரவின் 75ஆம் பிரிவு, தொகை முன்கூட்டித் தெரியாத கார்டுச் செலவில், எவ்வளவு பிளாக் ஆகும் என்று சரியான தொகைக்குச் சம்மதம் இருந்தால்தான் பிளாக் செய்யலாம் என்கிறது. உண்மைத் தொகை தெரிந்ததும் தாமதமின்றி விடுவிக்கவும் சொல்கிறது. தொகையைச் சொல்லாமலே பிடித்து வைத்திருந்தார்கள் என்றால் அந்தப் பிரிவைக் கடிதத்தில் எழுதுங்கள். இந்தியாவில் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கணக்கில் பற்று விழுந்தும் கடை இயந்திரத்துக்கு உறுதி போய்ச்சேராத கார்டுப் பரிவர்த்தனையை 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். வேறு நாடு என்றால் அங்கேயுள்ள வங்கி மேற்பார்வை அமைப்பின் தளத்தில் புகார்ப் பக்கம் தேடுங்கள். வங்கிக்கு எழுதும்போதே "அடுத்து அங்கே போவேன்" என்று ஒரு வரி சேர்த்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும்.

அடுத்த முறைக்கு

ஹோல்டு போடும் இடங்களில் கிரெடிட் கார்டு கொடுங்கள். அங்கே அடைபடுவது கடன் வரம்பு, உங்கள் தவணைப் பணம் இல்லை. கிரெடிட் கார்டு இல்லை என்றால் தவணைகள் போகாத ஒரு தனிக் கணக்கின் டெபிட் கார்டைப் பயணத்துக்கு வையுங்கள். தானியங்கிப் பம்பில் தேய்க்காமல் உள்ளே போய் இவ்வளவுக்கு என்று சொல்லித் தேய்த்தால் அந்தத் தொகை மட்டுமே போகும். விடுதியில் எந்தக் கார்டில் ஹோல்டு போட்டார்களோ அதே கார்டில் பில்லைக் கட்டுங்கள், இரண்டும் ஜோடி சேரும். வேறு கார்டில் கட்டியே ஆக வேண்டும் என்றால், பழைய அனுமதியை ரத்து செய்ததற்கான சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நான் அன்று அந்தச் சீட்டைக் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

கட்டணம் திரும்பி வந்தபின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தவணை திரும்பியிருந்தால் கடன் நிறுவனம் தாமதம் என்று பதிவு செய்திருக்கும், அது கடன் தகவல் அறிக்கைக்கும் போயிருக்கலாம். வங்கி கட்டணத்தைத் திருப்பித் தந்த கடிதத்தை இணைத்து, தாமதக் கட்டணத்தையும் அந்தப் பதிவையும் நீக்கக் கடன் நிறுவனத்திடம் தனியாக எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, நீங்கியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.